ஒயரைப் பிடுங்கினால் நிற்கும் மெயில்

மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டால், போய்க்கொண்டிருக்கிற மெயில் பாதி வழியில் நின்றுவிடும் என்று நம்பினேன். இத்தனைக்கும் மெயில் அனுப்புவதுதான் என் சோலி. போடியில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில், வெளியூர் வியாபாரிகளுக்கெல்லாம் சரக்கு வந்திருக்கிறது என்று மெயில் எழுதுகிறவன் நான். ஐம்பதை நெருங்குகிற வயசில், தொப்பையோடு மேசைக்கடியில் தவழ்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன்.

புதுக் காய், முதல் தரம், இன்றே அனுப்பத் தயார் என்று எழுதி, காலை பதினொரு மணிக்குப் போகும்படி வைத்திருந்தேன். பதினொன்று தாண்டியதும் விற்பனைப் பிரிவில் நான் மாப்ளே என்று கூப்பிடுகிற பையன் எட்டிப்பார்த்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து ஏலக்காய் லோடு மலைமேலேயே நிற்கிறது என்றான். எங்கள் சரக்கில் பெரும்பங்கு வாங்குகிற வடக்கத்தி வியாபாரி ஒருவர் இருக்கிறார். போன தடவை இல்லாத சரக்கை இருக்கிறதென்று நான் எழுதிவிட்டதில் கடுப்பாகி, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

ஒயர் போனதும் கணக்குப் பிரிவில் பில் போடுவது நின்றது. அங்கிருக்கும் அக்கா வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன அப்பு, அங்கன எலி பிடிக்கிறியா?"

தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன். குடோனில் வேறு இருப்பு கிடந்தால் தப்பிக்கலாம். அது குடோனைப் பார்த்துக்கொள்கிற அண்ணனுக்குத்தான் தெரியும். அவரோ குரங்கணியில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து என்று காலையிலேயே போய்விட்டார். போன் கிடைக்கவில்லை. பைக்கை முறுக்கினேன். வழியெல்லாம் ராஜினாமா கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். வாசகம் நன்றாகத்தான் வந்தது, தொழில் பழக்கம்.

அண்ணன் பந்தியில் இருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். எலும்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அந்த மெயிலுக்கு நான் சரின்னு அமுக்கினேனா?"

"இல்லண்ணே."

"பெறகு எப்படிடா போகும்? நான் அமுக்காம ஒண்ணும் போகக்கூடாதுன்னு ஏற்பாடு பண்ணினதே நீதான?"

நான்தான். போன தடவை அசிங்கப்பட்ட பிறகு, குடோனிலிருந்து அண்ணன் தன் போனில் சரி என்று அமுக்கினால்தான் மெயில் வெளியே போகும்படி வைத்தேன். கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க முடியாதபடி ஒயரைப் பிடுங்கியவனும் நானே.

சரக்கு வரவில்லையென்று தெரிந்து அமுக்காமல் விட்டீர்களா என்று மரியாதையோடு கேட்டேன். அதெல்லாம் இல்லையாம். குரங்கணியில் டவர் கிடையாது. போன் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

"வந்தது வந்துட்ட, உக்காரு. கறி தீரப் போகுது."

உட்கார்ந்தேன். இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். லோடு இறங்கியது. அண்ணன் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அமுக்கினார், மெயில் போனது. வடக்கத்தி வியாபாரி எப்போதும் வாங்குகிற அளவு வாங்கினார். ஒயரைக் கணக்குப் பிரிவு அக்கா முந்தின நாளே மாட்டிவிட்டிருந்தார்.