மாமா நிலத்து நிலாக்கல்

நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னதும் மாமா முதலில் செருப்பைக் கழற்றினார். ஆய்வகத்துக்குள் யாரும் கழற்றுவதில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன், கேட்கவில்லை. சுவரோரம் செருப்பை ஒதுக்கிவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய நிலத்துக் கருங்கல்லின் ஒரு சீவலை. கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவிப் போகும் அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து மெலியவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. வெள்ளைக் குச்சிகளும் பழுப்புக் கட்டிகளுமாகப் பின்னிக் கிடந்த அந்தச் சீவலில், இரண்டு குச்சிகளுக்கு நடுவே செம்பழுப்பாக ஊசிமாதிரி ஒரு கீற்று. "செவப்பா ஒண்ணு தெரியுதே பாப்பா, அதுவா?" என்று குனிந்தபடியே கேட்டார். எனக்கு அப்போதே நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவாக இருக்கலாம் மாமா, இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு. இன்னொரு சோதனை என்று நான் சொன்னது காதில் விழுந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் செம்பழுப்புக் கீற்றுக்காக நான் மூன்று கோடை விடுமுறைகளைச் சவ்வாது மலையடிவாரத்து வெயிலில் தொலைத்திருந்தேன். ட்ராங்குவிலிட்டியைட் என்பது அதன் பெயர். மனிதன் முதன்முதலாகப் போய் இறங்கிய இடத்துக்கு, நிலாவின் அந்தச் சமவெளிக்கு, அமைதிக்கடல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அள்ளிவந்த கற்களில்தான் இந்தத் தாதுவை முதலில் கண்டார்கள். அதனால் கடலின் பெயரே தாதுவுக்கும் ஆனது. இரும்பும் சர்க்கோனியமும் டைட்டானியமும் சிலிக்காவும் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஊசிகள். பல வருடங்கள் அது பூமியிலேயே இல்லை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஆஸ்திரேலியாவில், நிலத்தடிப் பிளவுகளில் குழம்பாக ஏறி உறைந்த ஒரு வகைக் கருங்கல்லில் அகப்பட்டது. அதே மாதிரியான கருங்கல் வரிகள் எங்கள் பக்கத்து மலையடிவாரமெங்கும் ஓடுகின்றன. அங்கே இருக்கிறதென்றால் இங்கே ஏன் இருக்கக்கூடாது? அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. படவேட்டுக்குப் பக்கத்தில் மாமாவுடைய கரும்புத் தோட்டத்தின் நடுவே அப்படி ஒரு வரி, யானை படுத்திருப்பது மாதிரி, மேலே துருத்திக்கொண்டிருந்தது. சுத்தியலோடு போய் நின்றேன். வேண்டிய மட்டும் உடைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, எனக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

கரும்புத் தோட்டம் மாமாவுடையது என்று சொன்னேன். ஊர் அப்படிச் சொல்லாது. என் அம்மாவின் தம்பியான அவர் அந்த ஊருக்கு வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவர்; நிலம் அத்தை வீட்டுச் சீதனம். முப்பது வருடம் அந்த மண்ணில் பாடுபட்டும் ஊர்க்கூட்டத்தில் அவர் பின்வரிசையில்தான் உட்காருவார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று, கோயில் வாசலில் பூசாரி ஊர்ப் பங்காளிகளின் தலையில் பரிவட்டம் கட்டுவார். அம்மன்மேல் சாத்திய பட்டுத்துணிதான் பரிவட்டம். ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் கூழ் அண்டாவைத் தூக்கலாம், பந்தல் போடலாம், பந்தி விசாரிக்கலாம். மாமா இதற்காக முகம் வாடி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் கோயில் வாசலில் நிற்கமாட்டார், அடுப்படிப் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார் என்பதைச் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறேன்.

மாமா நுண்ணோக்கி பார்த்துவிட்டுப் போன அதே வாரத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நிலாவில் இருக்கிற சரக்கு நம்ம ஊர் மண்ணில் இருக்கிறதாம், காலேஜில் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதுவும் மாப்பிள்ளையின் அக்காள் மகளாம். கல்லுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். சந்தவாசல் பக்கமிருந்தெல்லாம் பைக்கில் வந்து கல்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா போன் செய்து, இந்த ஆடிக்கு உன் மாமாவுக்குப் பரிவட்டம் கட்டப்போகிறார்களாம், நீயும் வரவேண்டுமாம் என்று இரண்டு தடவை சொன்னாள். முடிவு இன்னும் வரவில்லையே என்ற நமைச்சல் எனக்கு உள்ளே இருந்தது. வேறு ஊர் ஆய்வகத்தில் மின்னணுக் கற்றையை அந்தக் கீற்றின்மேல் பாய்ச்சி, எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டியது என்னோடு படித்த தோழி. எப்படியும் நல்ல முடிவாகத்தான் வரும் என்று நினைத்தேன். போகிறேன் என்றேன்.

கோயில் வாசலில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் மாணவர்கள் இரண்டு பேர் வந்து முன்னால் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதும் ஒருவரும் வந்திருந்தார். பூசாரி மாமாவின் தலையில் பரிவட்டம் கட்டினார். பம்பை மேளம் முழங்கியது. மாமா கை கூப்பியபடி நின்றார். எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் மடியில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. சர்க்கோனியம் இல்லை, டைட்டானியம் இல்லை, வெறும் இரும்புத்துரு. மெருகு போட்ட பொடி விரிசலில் தங்கியிருக்கிறதா பார் என்று தோழி எழுதியிருந்தாள்.

படித்ததுமே புரிந்துவிட்டது. அந்த முறை நல்ல மெருகுப்பொடி வந்து சேரவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல், வேலூரில் நகைப்பட்டறைக்காரர்கள் தங்கத்துக்கு மெருகேற்றும் சிவப்புப் பொடியை வாங்கிவந்து நானேதான் தேய்த்தேன். இரும்புத்துருவேயான அந்தப் பொடி விரிசலில் இறங்கி ஊசியாக உட்கார்ந்திருக்கிறது. முதல் வருடப் பிள்ளைகள் செய்தால் நான் வகுப்பில் நிற்கவைத்துத் திட்டும் தப்பு.

அடுத்து என்னைப் பேச அழைத்தார்கள். மாமா நாலு அடி தள்ளித்தான் நின்றார். அவர் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கலாம். கூழ் ஊற்றி முடித்ததும் வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். நான் மைக்கைப் பிடித்து, சற்றுமுன் முடிவு வந்துவிட்டது, இந்தக் கல்லில் நிலாவின் தாது இல்லை, தவறான செய்தி யாரும் பரப்ப வேண்டாம் என்று சொன்னேன். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் என் கண் இருந்தது மாணவர்களின் கைபேசிமீது. நாளைக்கு எந்தப் பேராசிரியரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. பம்பைக்காரர்கள் குச்சியைத் தாழ்த்தினார்கள். கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாமா தானாகவே தலையிலிருந்து பரிவட்டத்தை அவிழ்த்து, நாலாக மடித்து, பூசாரியின் தட்டில் வைத்துவிட்டு, கூழ் அண்டா இருந்த பக்கம் போனார். அன்று கடைசிப் பந்திவரை அவர்தான் ஊற்றினார். எனக்கும் ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அந்த நேரத்தில்கூட ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை; நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பிறகு அவர் கல் கொண்டுவர ஆரம்பித்தார். மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, உரச்சாக்கில் கட்டிய கல்லோடு வேலூர்ப் பேருந்தில் வந்து கல்லூரி வாசலில் நிற்பார். இது வரப்புக்குக் கிழக்கே எடுத்தது, இது கிணற்றடியில் எடுத்தது, ஒரு தடவை அமிர்திக்கு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் அங்கே ஓடையில் கிடந்ததையும் தூக்கிவந்தார். பொடியால் வந்த தப்பு என்று முதல் தடவை வந்தபோது சொல்லியிருந்தேன்; நல்ல பொடி போட்டு இதைப் பாரேன் என்பார். ஒவ்வொன்றையும் முறையாக அறுத்து, தேய்த்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. அடுத்த முறை வரும்போது இல்லை மாமா என்பேன். சரிம்மா என்று காலிச் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுவார். வாசல் காவலர், கல்லுத் தாத்தா வந்திருக்காரும்மா என்று வகுப்பு வாசலில் வந்து சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பரிவட்டத்துக்கு ஏங்கி இந்த மனிதர் இப்படி அலைகிறாரே என்று எரிச்சலும் வந்தது. ஒருநாள் வாசலிலேயே, காவலர் காதுபடச் சொல்லிவிட்டேன்: "ஊர்ல மரியாதை வேணும்னு கேட்டா கல்லுக்குள்ள இல்லாதது வந்துடுமா மாமா? இனிமே கொண்டுவராதீங்க." மாமா சாக்கைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி பாப்பா, வர்றேன்" என்றார். கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனது அந்த ஒரு தடவைதான். பிறகு வரவும் இல்லை.

போன தை மாதம் கரும்பு வெட்டு நடக்கும்போது மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, அத்தையோடு பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், மாமாவுக்கு அந்தப் பரிவட்டம் கடைசிவரை மனக்குறையாகவே போய்விட்டதே அத்தை, என்னால்தானே என்றேன். அத்தை என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அவருக்கு இன்னாத்துக்கும்மா அந்தத் துணி? நீ மைக்கப் புடிச்சப்போ ஒன் கை ஆடுனத பாத்துட்டு வந்து ராத்திரியெல்லாம் பொலம்பினாரு. படிச்ச பொண்ணு, இத்தினி பேரு முன்னாடி தப்பா பூடுச்சின்னு தல குனிஞ்சி நிக்குது, காலேஜில இன்னா சொல்லுவாங்களோன்னு. ஒரு கல்லுலயாவது அது கெடச்சிட்டா பாப்பா தல நிமிந்துடும்னுதான் சாக்க தூக்கிக்கினு வந்தாரு."

அத்தை தன்பாட்டில் பேசிக்கொண்டே போனாள். முட்டிவலியோடு பஸ்ஸில் போகவேண்டாம் என்று மாமாவை இவள் தடுப்பாளாம். போனால் பாப்பா எவ்வளவு ஆசையாக வரவேற்கிறாள் தெரியுமா, கேண்டீனுக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள் என்பாராம். கடைசியாகப் போனவர் கல்லோடு திரும்பிவந்ததைப் பார்த்து ஏன் என்று கேட்டதற்கு, பாப்பாவுக்குப் பரீட்சை வேலை அதிகம், பாவம், அதான் நானே எடுத்துவந்துவிட்டேன், இருந்தும் காபி குடிக்காமல் விடவில்லை என்றாராம்.

"அவர நல்லா பாத்துக்கினம்மா நீ" என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மாமாவை வாசலைத் தாண்டி உள்ளே கூப்பிட்டது அந்த நுண்ணோக்கி பார்த்த ஒருநாள்தான். காபி ஒருமுறைகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அதை அத்தையிடம் சொல்லவும் முடியவில்லை, கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை.