பல்லவிக்கு மட்டும் எவெலியோ

பியூனஸ் ஐரிஸில் எங்கள் நடன இசைக்குழுவுக்குப் பாடிய எவெலியோ, ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடியவர் இல்லை. அது அவர் குற்றமில்லை. 1928-இல் வழக்கம் அப்படி. வியன்னா இசை நாடகங்களில் கொடிகட்டிப் பறந்த பாட்டுகளை, ஜோடிகள் ஆடுவதற்கேற்ற வேகத்தில் வாசித்து இசைத்தட்டில் பதிவு செய்வோம். நடுவில் பல்லவி மட்டும் ஒருமுறை ஸ்பானிய மொழியில் வரும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் எவெலியோ. மற்ற நேரமெல்லாம் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பார். தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டில் எங்கள் தலைவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். எவெலியோ பெயர் பொடி எழுத்தில்கூட இருக்காது.

ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பக்கத்திலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்தவர். பகலில் கையுறைக் கடையில் விற்பனை. நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணமில்லை. நாங்கள் இருவரும் ஒரே விடுதியில்தான் குடியிருந்தோம். என் தொழிலை வயலின் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். குரலுக்கு ஏது பெட்டி? அவரைக் கையுறைக் கடைக்காரர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேசையின் கோடியில் உட்கார்ந்து, ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்றுவிட்டு, யாரும் பேச்சுக்கு இழுக்குமுன் எழுந்துவிடுவார். யாரும் இழுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

விடுதியில் இருந்த தையல்காரி எர்மினியாவிடம் கிராமபோன் உண்டு. எங்கள் தட்டு ஒன்றைத் தேயத் தேயப் போட்டாள். எங்கள் தலைவரே பாடுகிறார் என்று அவளுக்கு நினைப்பு. "இந்தக் குரலுக்காகவே ஆளைக் கட்டிக்கலாம்" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். அன்று எவெலியோ ரொட்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டு எழுந்துபோனார். அந்தக் குரல் தன்னுடையது என்று அவள் நம்பிவிட்டால் போதும், இத்தனை வருஷத் தனிமை தீர்ந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

அடுத்த ஞாயிறு மதியம் முற்றத்தில் எல்லாரும் மாத்தே என்கிற அந்த ஊர் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். எவெலியோ சவரம் செய்து, டை கட்டி வந்து நின்றார்.

"எர்மினியா, அந்தத் தட்டுல பாடறது நான்தாங்க."

"அப்படியா எவெலியோ ஐயா? அப்ப ஜனாதிபதி மாளிகையும் உங்களோடதுதானா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பல்லவியைப் பாடினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எர்மினியா தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.

"அட, அச்சு அசலா இருக்கே! சரி, மீதிப் பாட்டையும் பாடுங்க, நம்பறேன்."

சரணம் எவெலியோவுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குமே தெரியாது. ஸ்பானிய மொழியில் அதை யாரும் எழுதவே இல்லை. அந்த இடத்தில் நாங்கள் வயலின்தான் வாசிப்போம்.

"எனக்கு அவ்வளவுதான் குடுப்பாங்க..."

"நல்லாருக்கு கதை! தட்டுல கேட்டதை ஒப்பிச்சுட்டு மாப்பிள்ளையாகப் பாக்கறீங்களாக்கும்?"

முற்றமே சிரித்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"யோவ் ஃபெர்மின், நீயாவது சொல்லுய்யா."

ஒரு வார்த்தை போதும். ஆனால் எர்மினியா மேல் எனக்கும் ஒரு கண். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"மாத்தே ஆறிப்போகுது, உக்காருங்க" என்றேன்.

அவர் உட்காரவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எர்மினியா சிரிப்பு அடங்காமலே அதே தட்டைப் போட்டுக் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தாள். நான் கை நீட்டினேன், ஆட வந்தாள். பல்லவி வந்ததும் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.