சிரிப்புக்காகக் காத்து நின்ற யோகம் அக்கா

தொலைக்காட்சிப் பெட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதைத்தான் நான் முதலில் கண்டேன். வேலை முடிந்து, தொலைக்காட்சியில் மத்தியான ஆங்கில நிகழ்ச்சி பார்க்க, டூங்கபி என்ற புறநகரில் இருக்கும் யோகம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களிலும் நான் தனியே அதைப் பார்த்துவிட்டு, யார் வந்தார்கள், என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று பின்னேரம் அவருக்குப் போய்ச் சொல்வேன். அன்று குசினியில் அடுப்பருகே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா போய்விட்டார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சா வீட்டில்தான் பெட்டியைத் திருப்பி வைப்பார்கள்; அதன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வரும் உங்கள் கைகளில் தருவதற்கு ஒரு நினைவுப் பிரசுரம் வேண்டும் என்றார்கள் வீட்டார். இங்கே தமிழ் அச்சகம் இல்லை. மெழுகுத்தாளில் ஊசிப் பேனாவால் கையால் கீறித்தான் பிரதி எடுக்க வேண்டும். என் கையெழுத்து வடிவானது என்று அந்த வேலையை என்னிடம் தந்தார்கள். எழுத வேண்டியதை அக்காவின் மறைந்த கணவருடைய தமையனார் சொன்னார்: அடக்கத்தின் உருவம், பொறுமையின் இருப்பிடம், அதிர்ந்து பேசாதவர்.

அவரோடு வேலை செய்தவர்களே, அவருடைய வீட்டில் தேநீர் குடித்தவர்களே, நீங்கள் அறிந்த யோகம் அக்கா இவரா?

நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் வாய் திறக்கப் பயம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, படுக்கை விரிப்பு மடிக்கும் மேசையில் என் எதிரே நின்றவர் அக்கா. நாங்கள் இருவரும் ஊரை விட்டு இங்கே வந்து சில காலந்தான் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் என்னைவிட அவருக்கு அதிகம் தெரியாது. எங்களில் ஒருவரும் ஆசிரியை இல்லை. எங்கள் வகுப்பறை அந்த மத்தியான நிகழ்ச்சிதான். கண்ணாடி போட்ட ஒருவர் கதிரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். வருகிறவர்கள் தங்கள் வீட்டு மானத்தை வாங்கும் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஒரு பெண் வந்தார். மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாராம். அப்படிச் சொல்லாமல் வருவதை அவர் ‘ட்ரொப் இன்’ என்றார். பிறகு என்ன நடந்தது என்று கண்ணாடிக்காரர் கேட்டார். மாமியார் அதே கட்டிலில் ஏறி ஒரு ‘நாப்’, அதாவது குட்டித் தூக்கம், போட்டாராம். அக்கா சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சேலையில் ஊற்றிக்கொண்டார். எங்களுக்கு இரண்டு சொற்கள் கிடைத்தன. மறுநாள் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி, "மாமி இண்டைக்கு ட்ரொப் இன் பண்ணினவவோ?" என்று அக்கா கேட்டார். மறுமுனையிலிருந்து நான், "ஓம், நாப் போடுறா," என்றேன். அந்தச் சலவைக்கூடத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

இதில் எங்களுக்கு ஒரு பிழையும் பழகிவிட்டது. அந்த நிகழ்ச்சியில் யார் எதைச் சொன்னாலும் சபை சிரிக்கும். சிரித்து முடியும் வரை பேசினவர் காத்திருப்பார். ஆங்கிலம் பேசும் முறையே அதுதான் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். இறைச்சிக் கடையில் அக்கா அரைக் கிலோ ஆட்டிறைச்சி கேட்டுவிட்டு, புன்னகையோடு அப்படியே நிற்பார். கடைக்காரர் ஒரு கணம் திகைப்பார். பிறகு தானாகச் சிரிப்பார். நல்ல துண்டாகப் பார்த்து வெட்டியும் கொடுப்பார். பிழை என்று விளங்கிய பிறகும் அக்கா அதை விடவில்லை. "சொல்லிப்போட்டுச் சும்மா நில் பிள்ளை. மற்ற ஆளுக்குத்தான் அந்தரமாயிருக்கும், தானாப் பதில் சொல்லும்," என்பார்.

மேற்பார்வையாளர் ஒருமுறை என்னை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார். இரத்தமும் மலமும் படிந்த துணிகள். மற்றவர்கள் முறை வைத்துப் போகிற அறை அது. என்னை மட்டும் நிரந்தரமாக அங்கே போட்டார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அக்கா எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை முதுகில் பிடித்துத் தள்ளினார். நான் மேற்பார்வையாளரிடம் போய், "வை மீ?" என்று, ஏன் நான் மட்டும் எனக் கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். கால்களை ஊன்றிக்கொண்டேன். அவர் தொண்டையைச் செருமினார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு முறைப்படியே எல்லோரும் போகலாம் என்றார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றித்தான் தமையனாருக்கு என்மேல் கோபம். அதை எழுதவே கூடாது என்கிறார். ஆகவே அதையும் எழுதுகிறேன். அன்று நானும் கட்டிலருகே நின்றேன். டொக்டர் தமையனாரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். தமையனாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். படுத்திருந்த அக்கா, கண்ணாடிக்காரரின் அதே தொனியில், "ஸோ டொக்டர், வாட் ஹப்பின்ஸ் நெக்ஸ்ட்?" என்று, இனி என்ன நடக்கும் எனக் கேட்டார். கேட்டுவிட்டுப் புன்னகையோடு காத்திருந்தார். டொக்டர் பேச்சை நிறுத்தினார். ஒரு கதிரையை இழுத்து அக்காவின் முகத்துக்கு நேரே இருந்தார். இனி மருந்து கேட்காது என்பதை அவரிடமே சொன்னார். அக்கா, "ஃபெயார் இனஃப்," என்றார். நியாயந்தான் என்று அர்த்தம்.

சாவைப் பற்றி டொக்டரோடு சிரித்துப் பகிடி விட்டவள் என்று வெளியே வந்து தமையனார் கத்தினார். அது உள்ளே அக்காவுக்குக் கேட்டது. "என்ர உடம்பு. கேள்வியும் என்ர வாயாலதான் வரும்," என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எஞ்சிய நாட்களை எப்படிக் கழிப்பது என்று அவரே முடிவு செய்தார். அழ வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். கதை சொல்ல வந்தவர்களை உள்ளே விட்டார்.

அடக்கம் என்ற சொல்லை அவருடைய பெயருக்குப் பக்கத்தில் நான் எழுத மாட்டேன். அவர் சத்தமாகச் சிரித்தார். பிழையாகப் பேசினார். பதில் வரும்வரை நகராமல் நின்றார். என்னிடம் அவரால் மிஞ்சியிருப்பது, கேட்டுவிட்டு நிற்கிற இந்த இரண்டு கால்கள்.

நேற்று, அக்கா வீட்டு மேசையில் நான் எழுத உட்கார்ந்தபோது, தமையனார் தன்னுடைய தாளோடு மறுபடி வந்தார்.

"பிள்ளை, செத்த ஆளைப் பற்றிச் சிரிப்புக் கதை எழுதக்கூடாது. சனம் என்ன சொல்லும்? நான் தந்ததை எழுதும்."

"மாட்டன் மாமா. அது அக்கா இல்லை."

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனார். மெழுகுத்தாளில் கீறினால் அழிக்க முடியாது. நான் ஊசிப் பேனாவை எடுத்து, நீங்கள் இப்போது வாசிக்கிற இந்தப் பிரசுரத்தின் முதல் வரியைக் கீறினேன்.