ஜெபத்தின் நடுவே திறந்த கதவு

பெட்டவே வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து:
1955 ஏப்ரல் 10. வெள்ளைக் கையுறை, ஒரு ஜோடி: 59 சென்ட்.
அதே நாள். கறுப்புக் காலணி: 4 டாலர் 95 சென்ட்.
1956 ஜனவரி 15. கையுறை திரும்ப வாங்கப்பட்டது. தொகை இல்லை.
1959 ஜூலை 6. இண்டியானாபொலிஸுக்கு பஸ் டிக்கெட்: 4 டாலர் 10 சென்ட்.

லாவெல் பெட்டவே முதன்முதலில் கையுறை போட்டபோது அவனுக்கு வயது பதின்மூன்று. இண்டியானா மாநிலத்துக் கேரி நகரத்தில் பதினேழாம் தெரு மளிகைக்கடையைச் சபை வாங்கி ஆலயமாக்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. முன்கூடம் கிடையாது; கதவைத் திறந்தால் நேரே தெரு. வெள்ளைக் கையுறையோடு அந்த வாசலில் நின்று ஆட்களை உள்ளே அழைத்து உட்காரவைக்கும் ஊழியர்களுக்குத் தலைவர் அவனுடைய அப்பா ஹோசியா. பணியில் வாய் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சாடை. ஜெபம் தொடங்கிவிட்டால் கதவையும் திறக்கக் கூடாது.

எஃகு ஆலையில் கரி அடுப்புகளின் கதவைப் பார்த்துக்கொள்வது ஹோசியாவின் வேலை. ஒருநாள் நேரம் தப்பித் திறந்த கதவு, பக்கத்தில் நின்றவரின் இரண்டு கைகளையும் பொசுக்கிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த மனிதர். வீட்டிலும் மகன் "சரிங்க சார்" சொல்லாமல் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்ததில்லை.

அந்த ஜனவரி ஞாயிறு வெளியே உறைபனி. டீக்கன் யார்ப்ரோ ஜெபம் பண்ண எழுந்தார். அவர் ஜெபம் எட்டு நிமிடத்துக்குக் குறைந்ததே இல்லை. நான்காம் நிமிடத்தில் கதவுக் கண்ணாடிக்கு வெளியே சபையைச் சேர்ந்த சிஸ்டர் ஸெனோபியா வந்து நின்றாள், தோளில் கைக்குழந்தை. லாவெல் அப்பாவைப் பார்த்தான். உள்ளங்கை உயர்ந்தது: பொறு. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. லாவெல் கதவைத் திறந்தான். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது, தொப்பி வைத்த தலைகளெல்லாம் திரும்பின, டீக்கனுக்கு ஜெபம் விட்ட இடம் மறந்துபோயிற்று.

ஆமென் சொன்னதும் ஹோசியா நடந்து வந்து கையை நீட்டினார்.

"கழட்டு."

"குழந்தை விறைச்சுப்போச்சுங்க சார்."

"உன்னைக் காரணம் கேட்கல. அடுத்த வாரம் சபை முன்னால எழுந்து, செஞ்சது தப்புன்னு சொல்லு. அப்புறம் வாசல்ல நிக்கலாம்."

லாவெலுக்கு அந்த வாசல் வேண்டும். வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று கைச்சாடை பழகியவன் அவன். ஆனால் தப்பென்று நினைக்காததைத் தப்பென்று சொல்ல நாக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு எழவில்லை. மூன்று வருடம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான்.

முடிவெட்டும் கடையில் கிண்டலுக்குக் குறைவில்லை. "வாங்க காவல்கார துரை! எனக்கும் வெளியே குளிருது, கொஞ்சம் கதவைத் திறங்களேன்!"

அம்மா ஐடெல்லா இரண்டு பேரையும் விடவில்லை. "ஒரே வீட்ல ரெண்டு கழுதைங்களுக்குத் தீனி போடறேன். சின்னது எது, பெருசு எதுன்னுகூடத் தெரியல."

"பெருசு நான்தான்," என்றார் ஹோசியா, செய்தித்தாளைத் தாழ்த்தாமல்.

பள்ளி முடிந்ததும் லாவெல் இண்டியானாபொலிஸுக்கு பஸ் ஏறிப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஜெர்மனியில் முகாம். மாதம் ஒரு கடிதம் வீட்டுக்கு, ஒவ்வொன்றின் அடியிலும் "அப்பா எழுதுவாரா?" பதில் அம்மாவிடமிருந்து மட்டும் வந்தது. முப்பது கடிதம் வந்தும் அப்பாவின் கையெழுத்து ஒருவரி இல்லை.

முப்பத்தோராவது உறையில் முகவரி ஆலைச் சீட்டு நிரப்புகிற கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே பாதித் தாள்.

"லாவெலுக்கு. திங்கட்கிழமை வாசல் ஊழியர் கூட்டம் நடந்தது. உறைகுளிரில் ஜெபத்தின்போதும் கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விடலாம் என்று விதி மாற்றினோம். ஆதரவு ஆறு, எதிர்ப்பு இரண்டு. யார்ப்ரோவுக்குக் கோபம். தீர்மானம் கொண்டுவந்தது நான். ஆறு வருடம் தாமதம். நீ அன்று செய்தது சரி. அதையும் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஹெச். பெட்டவே."

லாவெல் அதை மூன்று தடவை படித்தான். பக்கத்துக் கட்டில்காரன், "என்னப்பா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

"இல்ல. எங்க அப்பா நல்லாயிருக்கார்," என்றான்.

அதன்பின் அவர் எழுதவில்லை. ஜூலையில் மகன் ஊர் திரும்பிவிட்டதால் எழுதவேண்டிய தேவையும் வரவில்லை. அவருடைய முதலும் கடைசியுமான அந்தக் கடிதம் முகாமுக்கு வந்து சேர்ந்தது 1962 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை.