பின்சக்கரத்து இரும்பு

எனக்கு வாய் நீளம். மாட வீதியில் காய்கறிக்காரரிலிருந்து கோயில் வாசல் பூக்காரி வரை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தை இரண்டு மழைக்காலம் வாய் திறக்காமல் வைத்திருந்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாத வாய் இருந்தென்ன, போயென்ன?

எங்களுடையது வாடகைப் பாத்திரக் கடை. மயிலாப்பூர் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. கல்யாணமோ கருமாதியோ, அண்டா, குண்டான், இரும்புச் சட்டி, ஜமக்காளம் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பழைய பிக்கப் வண்டி. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வண்டி என்று என் வீட்டுக்காரர் பெருமையடிப்பார். இதைப் பார்த்துப் பயந்துதான் அவன் ஓடியே போனான் என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். அப்போதெல்லாம் அவர் நன்றாகச் சிரிப்பார்.

எழுபதுகள் தொடங்கிய சமயம், ஓர் ஐப்பசி மாதம். மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மழை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத் தெருக்களில் முழங்கால் தண்ணீர். வண்டி அதில் மிதந்த மாதிரி போய் மேட்டில் ஏறியிருக்கிறது. குறுக்குச் சந்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தான். வண்டி வருவதைப் பார்த்துவிட்டு, நிறுத்து என்று கையைக் காட்டினான். இவர் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

டிரம் பிரேக் என்பது என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தச் சாவுதான். சக்கரத்தோடு கவிழ்த்த குண்டான் மாதிரி ஒன்று சுற்றும். அதற்குள்ளே இரண்டு கட்டைகள் விரிந்து அதன் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் லேசில் வெளியே வராது, கட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். கோர்ட்டில் அதைத்தான் சொன்னார்கள். வேண்டுமென்று செய்ததில்லை என்று விட்டுவிட்டார்கள். கோர்ட்டு விட்டுவிட்டது, இவர் தன்னை விடவில்லை.

"கையக் காட்டினான்மே. நானும் மிதிச்சேன்" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்வார். நடுவில் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது சொல்வார். பஸ்ஸில் போனால் அவருடைய வலது கால் தரையைப் போட்டு அழுத்தும். "யோவ், அங்க டிரைவர் ஒருத்தன் கீறான்யா, நீ எதுக்கு மிதிக்கிற?" என்று நான் அதட்டுவேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நான் அவர் முழங்கால்மேல் கையை வைத்துப் பிடித்துக்கொள்வேன். மழை தூறினால் வண்டியை எடுக்க மாட்டார். பட்டப்பகலில் வெயில் காய்கிற தெருவில் ஓட்டும்போதும், யாரும் இல்லாத இடத்தில் திடீரென்று மிதித்து நிறுத்துவார். பின்னால் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி ஊரைக் கூட்டும். "இன்னாய்யா ஆச்சு?" என்றால், "ஒருத்தன் கையக் காட்டினான்" என்பார். நான் எட்டிப் பார்ப்பேன். ஒரு ஈ காக்கா இருக்காது.

இவருக்கு ராயப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் சிநேகம். பாய் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவர்தான் ஒருநாள் வந்து உட்கார்ந்து சொன்னார். முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு வெளிநாட்டுக் கார் ஏலத்துக்கு வந்திருந்ததாம். அதன் பின்சக்கரங்களில் டிரம் இல்லையாம், டிஸ்க்காம்.

"இது மூடி வச்ச சாமான் இல்ல அண்ணே. வெட்டவெளியில சுத்துற இரும்புத் தட்டு. ரெண்டு பக்கமும் பேடுன்னு ஒரு கட்டை வந்து கவ்வும். தண்ணி பட்டாலும் அதுல தங்காது, சுத்துற சுத்துல வீசி அடிச்சிரும். ஒரு ஜோடிதான் கீது. உங்க வண்டில வெயிட்டு பூரா பின்னாடிதானே? பின்னாடி மாத்திருவோம்."

இவர் கண்ணில் வெளிச்சம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தட்டு வண்டிக்காக வரவில்லை, என் மனுஷனைத் திருப்பித் தர வந்திருக்கிறது என்று நினைத்தேன். கபாலீஸ்வரருக்குத் தேங்காய் உடைத்தேன்.

பாய் எங்கள் கொட்டகையிலேயே வைத்து வேலையை ஆரம்பித்தார். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, பழைய டிரம்மை அடித்துக் கழற்றவே ஒரு நாள் ஆனது. தட்டைக் கவ்வுகிற அந்த இரும்பு வாயை வண்டியோடு பொருத்த இடமே இல்லை. கனமான தகட்டை லேத்தில் கொடுத்து வெட்டி, துளை போட்டு, ஒத்துவராமல் மறுபடி வெட்டினார். ஹேண்ட்பிரேக் டிரம்மோடு போய்விட்டது. "அதுக்கு இன்னா பண்றது பாய்?" என்றால், "சக்கரத்துக்குக் கீழ கட்டை போடு தங்கச்சி, அதான் ஹேண்ட்பிரேக்" என்றார். கடைசியில் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். வண்டியில் ஏறிப் பெடலை மிதிக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். கீழே படுத்துக்கொண்டு பாய், "மிதி... புடி... வுடு... மிதி" என்று கத்த, நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தேன். நூறு தடவை மிதித்திருப்பேன். இவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கால்ல இவ்ளோ பலமா? இனிமே ஒன்னாண்ட வாய் குடுக்க மாட்டேன்" என்றார்.

வேலை முடிந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். பாய் கையைக் கழுவிக்கொண்டு, "நாளைக்கு உங்க பூஜை. சக்கரத்தைக் கழுவி சாமி கும்பிடுங்க. நான் மறுநாள் காலையில வந்து மாட்டித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூஜையன்று காலையில் கொட்டகைக்குப் போனால் எனக்குப் பகீர் என்றது. சக்கரம் கழற்றி வைத்திருந்த இடத்தில் இரண்டு தட்டும் திறந்து கிடந்தன. முந்தின நாள் வெள்ளிபோல மின்னியவை, இரவு அடித்த சாரலிலும் கடல் காற்றிலும் துருப்பிடித்து மஞ்சளாகியிருந்தன. பார்க்க மழையில் போட்டுவிட்ட தோசைக்கல் மாதிரியே இருந்தன. இந்தத் தொழிலுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரம் என் மாமியார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இரும்பைக் கழுவினால் எண்ணெய் தடவாமல் வைக்காதே. நாற்பது இரும்புச் சட்டி, கரண்டி, அரிவாள்மணை, ஒன்றில் ஒரு பொட்டுத் துரு இருந்ததாக எந்தக் கல்யாண வீடும் என்னைக் குறை சொன்னதில்லை. என் புருஷனின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று நினைத்த இரும்பை அப்படியே விடுவேனா? புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். துணியால் துடைத்தேன். பிறகு நல்லெண்ணெய் எடுத்து இரண்டு பக்கமும் அழுந்தத் தடவினேன். ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். கண்ணில் நீர் முட்ட நின்று கும்பிட்டேன். அவ்வளவு பக்தியாக என் வாழ்க்கையில் வேறெதையும் செய்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததிலிருந்து மழை. பாய் வருகிற வரை இவருக்குப் பொறுமை இல்லை. தானே சக்கரங்களை மாட்டினார். குங்குமத்தைப் பார்த்து, "சாமியாண்டயும் சொல்லி வச்சிட்டியா?" என்று சிரித்தார். "ஏறு, அதே தண்ணில எறக்கிப் பாக்கணும்" என்றார். நானும் ஏறினேன்.

தி. நகர் வழியாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. முன்பக்கம் பழைய டிரம்தான், அது காய்ந்திருந்தவரை வண்டி அதிலேயே நின்றது. மேற்கு மாம்பலத்தில் அதே தெருவில், அதே முழங்கால் தண்ணீரில் இறக்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மேட்டில் ஏறினோம். எதிரில் ஒரு அப்பா, பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போகிறார் போல, புதுச்சட்டை போட்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

இவர் மிதித்தார். அந்தக் கால் எவ்வளவு பலமாக மிதித்தது என்று நான் பார்த்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முன்பக்கம் நனைந்த டிரம், அது பிடிக்காது என்று எங்களுக்கே தெரியும். பின்பக்கமும் பிடிக்கவில்லை. "ஐயோ சாமீ!" என்று நான் கத்தினது எனக்கே கேட்டது. இவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ஒரு காம்பவுண்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. அந்த அப்பா குழந்தையோடு சாக்கடை ஓரமாகத் தாவிவிட்டார். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

இவர் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியாமே? அதே கை. எதை மாட்டினாலும் அவன் என்னை நிக்க வுட மாட்டான்" என்றார். குரலில் அழுகைகூட இல்லை. இறங்கி மழையில் நடக்க ஆரம்பித்தார்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. சூடான நல்லெண்ணெய் வாசனை. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைகிறபோது வருகிற வாசனை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து, "யோவ், பேயும் இல்ல பிசாசும் இல்ல, நான்தான்யா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் புதுச்சட்டை கண்ணெதிரே நின்றது. என்னால் ஒரு குழந்தை போயிருக்கும் என்பதை அவர் முகத்தில் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. பயம்தான். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

பாய் வந்து வண்டியைக் கட்டியிழுத்துக் கொண்டுபோனார். சக்கரத்தைக் கழற்றி, பேடைத் தொட்டு, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல எண்ணெ வச்சியா?"

"துரு புடிச்சிருந்துச்சு பாய்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அந்தத் துரு நாலு தடவ மிதிச்சா தானா போயிடும்மா. பேடு எண்ணெயக் குடிச்சா அவ்ளோதான், கவ்வாது. எந்தப் பட்டறைலயும் யாரும் இதுக்கு எண்ணெ வைக்க மாட்டாங்களே! வேற பேடு போட்டா சரியாப் போயிடும். அவருகிட்ட சொல்லிடு."

"நீங்க சொல்லாதீங்க பாய்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். அவரு கேட்டா சொல்வேன். கேக்கலன்னா சும்மா கீறேன்" என்றார்.

இவர் கேட்கவே இல்லை. செத்தவன்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டவர் எதற்குக் கேட்பார்? வண்டி விலைக்குப் போனது. பாத்திரமெல்லாம் கைவண்டியில் போக ஆரம்பித்தது. இவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வலது கால் இப்போது எதையும் மிதிக்கவில்லை, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினால் பதில் பேசுவதும் நின்றுபோனது. நாளைக்குச் சொல்லலாம், தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று நான் தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு நாள் போகப் போக, சொல்ல வேண்டியது ஒன்று இரண்டாகிவிட்டது: செய்ததையும் சொல்ல வேண்டும், மறைத்ததையும் சொல்ல வேண்டும்.

இப்படியே இரண்டு வருஷம் போன பிறகு எங்கள் மகள் முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. பதினாறாம் நாள் குளிப்பாட்டித் துடைத்து, "இந்தாங்க தாத்தா, புடிங்க" என்று நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எங்கிட்ட குடுக்காதமே. எங்கூட அவன் கீறான். புள்ளக்கி ஆவாது" என்றார்.

நெஞ்சு வெடித்துவிட்டது எனக்கு. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனையும் கொட்டினேன். துரு, புளி, சாம்பல், நல்லெண்ணெய், வாசனை, பாயைக் கும்பிட்டது, எல்லாம். "என்னை அடிய்யா. செருப்பால அடி. ஆனா அவன் ஒன்கூட இல்லய்யா, நான்தான் அது" என்றேன்.

அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை எடுக்கவே இல்லை. "ரொம்ப நாளா யோசிச்சியா இத?" என்று கேட்டார்.

அடக் கடவுளே, கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார். அன்றைக்கே பாயைக் கூட்டிவந்தேன். பாய் நின்றபடியே, "அல்லா மேல ஆணையா நெஜம் அண்ணே. என் கையாலதான் அந்தப் பேடைக் கழட்டினேன். எண்ணெதான்" என்றார். இவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். "அப்ப ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு வருஷம் கழிச்சு சேந்து வந்து சொல்றீங்க. எனக்காக ஆணை கூட வைக்கிறீங்க பாய், அதெல்லாம் பாவம்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பாய் போன பிறகு இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து வாயாடி, சண்டைக்காரி, சூர்ப்பனகை என்று என்னைச் சொல்லாத பேர் கிடையாது. அன்றைக்கு என் தலையில் கை வைத்தார்.

"ஒன்ன மாதிரி நல்ல மனசு எவளுக்கும் வராதுமே" என்றார்.

குழந்தையை மறுபடியும் அவர் பக்கம் நீட்டினேன். அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார்.