பென்னலூர் மாடியில் ஒரு பீச் வீடு

பெயின்ட் வேலையில் சுவரோடு எனக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. வந்த தகராறெல்லாம் சுவருக்கு உரியவர்களோடுதான். அவர்கள் ஒன்றைச் சொல்வார்கள், நாம் ஒன்றைக் கேட்போம், அடித்துக் காய்ந்த பிறகுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரியும். வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள், அடிக்கக் கொடுத்தவர்கள், நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரி. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரகடம் கூட்டு ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கடை. போர்டில் ‘பெயின்டிங், டெக்கரேஷன்’ என்று எழுதியிருக்கும். டெக்கரேஷன் என்பது பெரும்பாலும் போர்டில் மட்டும்தான். கம்பெனிக்காரப் பிள்ளைகள் குடியிருக்கும் வாடகை வீடுகள்தான் என் பிழைப்பு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் பால் காய்ச்சுவதற்குள் சந்தனக் கலரில் ஒரு கோட்டிங். என்னோடு வேலை செய்பவர் மாரி அண்ணன். மணிமங்கலத்துக்காரர். என்னைவிட வயதில் பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலாளிக்கு வயது கிடையாதாம்.

கடலுக்கு எந்த பஸ்?

ஒருநாள் மாலை கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒரு பெண் கடைக்கு வந்தாள். இன்ஃபென்டா என்று பெயர். திருச்செந்தூர்ப் பக்கம் கடலோர ஊர். இங்கே போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. பென்னலூரில் இரண்டாவது மாடியில் ஒரு பெட்ரூம் வீடு பிடித்திருக்கிறாள். அதை பீச் வீடு மாதிரி மாற்றித் தரவேண்டும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சுவர், நீலத் திரை, மூலைக்கு மூலை சிப்பி. பட்ஜெட்டைக் கேட்டபோது, படத்தில் இருந்த ஒரு நாற்காலிக்குக்கூட அது பத்தாது என்று தெரிந்தது.

எதற்கும்மா இந்த ஆசை என்றேன். அவளுடைய அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். காலமெல்லாம் தலைச்சுமையாக மீன் விற்றவர், இப்போது முழங்கால் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்து தங்கிப் பார்ப்பதாகவும், பிடிக்காவிட்டால் பொங்கலுக்கு முன்னால் திரும்பிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். “அம்மாவ அங்கன தனியா விட முடியாதுக்கா. அவங்க திரும்பிப் போனா நானும் வேலைய விட்டுட்டுப் போயிருவேன். இப்பத்தான் லைன் லீடர் ஆக்கியிருக்காங்க” என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கலங்கிய கண்ணோடு கணக்குப் பார்க்கக் கூடாது, ஆனால் நான் வேலையை ஒத்துக்கொண்டுவிட்டேன். அவள் போனதும் மாரி அண்ணன் சொன்னார்: “யக்கா, இங்கேர்ந்து கடலுக்குப் போவணும்னா ரெண்டு பஸ்ஸு மாறணும். இந்தப் பொண்ணு இன்னாடான்னா வூட்டுக்குள்ளயே கேக்குது!”

கடல் நீலம்

புது பெயின்ட் வாங்கக் கட்டுப்படியாகாது. எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கம்பெனிகளில் மீந்துபோன டப்பாக்கள் பழைய இரும்புக் கடைக்கு வரும். பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலை. நான் பேரம் பேசினேன் என்றால் கடைக்காரர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மூடியைத் திறந்து பார்த்தால் பளீரென்று நீலம். கடலே டப்பாவுக்குள் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாலில் ஒரு சுவர் முழுக்க அடித்து முடித்து, இன்ஃபென்டா ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருந்தோம்.

வந்தாள், பார்த்தாள், பையைக்கூட இறக்கவில்லை. பாராட்டப்போகிறாள் என்று நான் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். “அக்கா, இது எங்க லைன்ல ஸ்க்ரூ போட்டு வைக்கிற பெட்டிக் கலரு. இத எட்டு மணி நேரம் பாத்துட்டு வந்து, வீட்லயும் பாத்தா எனக்கு ஓடி செய்யிற மாதிரில்லா இருக்கும்?” என்றாள்.

ஓடி என்றால் இங்கே ஓவர்டைம். மறுநாள் அதே நீலத்தில் வெள்ளையைக் கலந்து கலந்து, மாரி அண்ணனின் கை ஓய்ந்த பிறகு, மழை விட்ட காலை மாதிரி ஒரு வெளிர் நிறம் வந்தது. உண்மையைச் சொன்னால், விலைக்கு வாங்கியிருந்தால்கூட அப்படி ஒரு நிறம் கிடைத்திருக்காது. மாரி அண்ணன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “கலரு சூப்பரா கீது. ஆனா திருப்பிக் கேட்டா என்னாலயே கலக்க முடியாது, சொல்ட்டேன்.”

யார் போட்டோவும் வேண்டாமா?

பெட்ரூமில்தான் என் மூளை அதிகமாக வேலை செய்தது. அங்கே ஒரு பெரிய ஜன்னல். திறந்தால் நேர் எதிரே கண்டெய்னர் லாரிகள் நிற்கும் மைதானம். கடற்கரை வீட்டில் படுத்துக்கொண்டு யாராவது டயரைப் பார்ப்பார்களா? கம்பெனிச் சாமான் வந்திறங்கும் மரச்சட்டங்களைப் பிரித்து, கட்டிலின் தலைமாட்டுக்கு உயரமாக ஒரு பலகை அடித்து, ஜன்னலைப் பாதி மறைத்தோம். மீதியை மறைக்கக் கடலைப் பெரிதாக பிளெக்ஸ் அடித்து ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிளெக்ஸ் கடைத் தம்பி படத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அனுபவத்தில் வெறும் கடலை மட்டும் யாரும் அடித்ததில்லை. பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றிலும் மனிதர்கள் இருப்பார்கள். நான் கடல் போதும் என்றேன். அவனுக்கு மனசு ஆறவில்லை. “யக்கா, இவ்ளோ எடம் சும்மா கீது. ஒரு ஓரமா உங்க போட்டோவாச்சும் போட்டுக்கோங்க, துட்டு வாணாம்!”

வாடைக்கு ஏற்பாடு

லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். இன்ஃபென்டா டீ இடைவேளையில் வெளியே வந்து அவசர அவசரமாக ஒரு குரல் செய்தி அனுப்புவாள், நாங்கள் திருப்பிக் கேள்வி கேட்பதற்குள் உள்ளே போய்விடுவாள். அம்மா வருவதற்கு முந்தின நாள் ஒரு செய்தி வந்தது: “அக்கா, ஒண்ணு மறந்துட்டேன். அம்மாவுக்கு வாடை வேணும். வாடை இல்லன்னா தூக்கம் வராது. பெட்ரூம்ல வாடைக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிருங்க.”

நானும் மாரி அண்ணனும் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டோம். பாவம், காலமெல்லாம் மீனோடு இருந்தவர். மீன் வாடை இல்லாமல் தூக்கம் வராது என்றால் அதில் என்ன ஆச்சரியம்? பூ கட்டுகிற பெண்களுக்கு மல்லிகை வாசம் இல்லாமல் முடியாது என்று மாரி அண்ணன் எடுத்துக்காட்டு வேறு சொன்னார். உடனே சந்தைக்குப் போய் நல்ல நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் வாங்கி வந்தோம். துணிப் பையில் கட்டி, கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் ஒன்று, அலமாரி மேல் ஒன்று. ஜன்னல் அடைத்திருந்ததால் வாடை வெளியே போகாமல் கெட்டியாக நின்றது. வாடிக்கையாளர் மனசறிந்து வேலை செய்வது என்றால் இதுதான் என்று எனக்கு ஒரே திருப்தி.

சாயங்காலம் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா தனலட்சுமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு படியேறி வந்தார். எங்கள் டெக்கரேஷனை ஒரு பார்வை பார்த்தார். “பீச்சு வூடு பண்றேன்னு தானே சொன்னே? இன்னாமே, கருவாட்டு மண்டி வச்சிகினு கீறே!”

பெருக்காத வீடு

மறுநாள் காலையில் அம்மா வந்து சேர்ந்தார். ரோசம்மா என்று பெயர். நெடுநெடு என்று உயரம், முழங்காலுக்கு மட்டும்தான் வயதாகியிருந்தது. இன்ஃபென்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். நானும் மாரி அண்ணனும் பரீட்சைத் தாளைத் திருத்தும் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல ஓரமாக நின்றோம்.

சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்த வலையை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். புது வலையைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் சுவரில் ஏன் காயப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பதுபோல் மகளைப் பார்த்தார். பெட்ரூம் வாசலில் நின்று பிளெக்ஸ் கடலைப் பார்த்தார், மூச்சை இழுத்தார், பிறகு மெதுவாக ஹாலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். கொண்டுவந்த பையைப் பிரிக்கவில்லை. அதைத்தான் இன்ஃபென்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எப்படியாவது பேச்சை மாற்ற, ஜன்னல் ஓரங்களில் பரப்பியிருந்த சிப்பிகளைக் காட்டினேன். கோவளத்திலிருந்து ஆள் வைத்து வரவழைத்தது. ரோசம்மா பரிதாபமாக என்னைப் பார்த்துக் கேட்டார்: “எம்மா, கடக்கரையிலதான் கெடக்கும் இதெல்லாம். வீட்டுக்குள்ள வந்தா பெருக்கித் தள்ள மாட்டீங்களா?”

எந்த வாடை?

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு இன்ஃபென்டாவிடமிருந்து போன். அம்மா ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லையாம். மூச்சு முட்டுகிறது, பஸ் ஏற்றிவிடு என்கிறாராம். “வாடைக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னேனேக்கா! இப்படி மூடி வச்சிருக்கீங்களே!” என்று அழுதாள். ஏம்மா, இரண்டு வகைக் கருவாடு வைத்தேனே, இதற்கு மேல் என்ன வாடை வேண்டும் என்று எனக்கும் கோபம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் விசும்பல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாளா என்று பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஊரில் வாடை என்றால் காற்றாம். வடக்கிலிருந்து வருகிற காற்று. வடக்குப் பக்கத்தையே வாடைப் பக்கம் என்றுதான் சொல்வார்களாம். அவர்கள் வீட்டு வாசல் வாடைப் பக்கம், ரோசம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தக் காற்றில்தான் படுத்திருக்கிறார். வாடைக்காற்று என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் வெறுமனே வாடை என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் மூக்கைத்தான் பொத்துவோம். அந்த வீட்டில் வடக்கே இருந்த ஒரே ஜன்னல், நான் பலகை அடித்து, பிளெக்ஸ் ஒட்டி, பின்னால் கருவாடும் கட்டி வைத்த அதே ஜன்னல்.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தோம். எங்கே ரோசம்மாவின் பை ஏற்கெனவே வாசலுக்கு வந்திருக்குமோ என்று வழியெல்லாம் மாரி அண்ணனிடம் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு பெண்ணின் வேலையையும் ஒரு தாயின் தூக்கத்தையும் நான் பலகை வைத்து அடைத்திருக்கிறேனே என்று நினைத்தால் அழுகைதான் வந்தது. மாரி அண்ணன் பலகையைப் பிடுங்கினார், நான் பிளெக்ஸைக் கிழித்தேன், கருவாட்டுப் பை இரண்டும் கீழ்வீட்டு அம்மாவின் ஆசியோடு வெளியேறின. கொக்கியை விலக்கியதும் இரண்டு கதவும் படாரென்று தானாகத் திறந்துகொண்டன. மார்கழிக் காற்று. லாரி மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஏரி ஒன்று இருப்பதை, இத்தனை நாள் அந்த அறையில் வேலை செய்த நாங்கள் கவனிக்கவே இல்லை. மழைக்குப் பிறகு அது நிரம்பிக் கிடந்தது, காற்று அதன் மேல்தான் வந்துகொண்டிருந்தது.

ரோசம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்தார். முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே அவர் தலை சாய்ந்துவிட்டது, இன்ஃபென்டா சத்தம் போடாமல் தலையணையை நகர்த்தி வைத்தாள். மாரி அண்ணன் என் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்: “யக்கா, எதுவுமே செய்யாம ஜன்னலத் தொறந்து வுட்டிருந்தாலே போதும் போல கீது. கூலி வாங்கலாமா வாணாமா?”

ஆணி

பொங்கல் நெருங்கியது. போன் வந்தாலே எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் இன்ஃபென்டா கூப்பிட்டு, அம்மா உங்களை வரச் சொன்னாங்க என்று மட்டும் சொன்னாள். என்ன குறையோ என்று சுத்தியலும் கையுமாகப் போனேன். சுவரில் இருந்த வலையை ரோசம்மா மொட்டை மாடியில் பந்தலாகக் கட்டி அதில் அவரைக்கொடி ஏற்றியிருந்தார். கீழ்வீட்டுத் தனலட்சுமி அம்மா அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், மூக்கில் முந்தானை இல்லை. உள்ளே போனால் பை காலியாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, சேலைகள் அலமாரியில் இருந்தன.

ரோசம்மா கையில் சட்டம் போட்ட மாதா படத்தோடு நின்றார். ஊர் வீட்டிலிருந்து பார்சலில் வரவழைத்திருக்கிறார். இன்ஃபென்டா கதவோரம் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், புது லைன் லீடர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நான் சுவரில் இடம் பார்த்து ஆணியை வைத்தேன். “எம்மா, கொஞ்சம் கீழ அடி. இனிமே தெனம் நான்தான மாதாவுக்குப் பூப் போடணும், முழங்கால வச்சுகிட்டு ஸ்டூல்ல ஏற முடியுமா?”

அன்றிலிருந்து யார் என்ன வேலை சொன்னாலும் “உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்று கேட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுகிறேன், ஏனென்றால் ஒரகடத்தில் பெயின்ட் காண்ட்ராக்ட் எடுப்பவள் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கவும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.