உருளைக்கிழங்கு இராணுவம்

ஊரில் சண்டை மறுபடி தொடங்கிய மாதங்களில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. பூசை முடிந்து வந்ததும் கணவரும் அவருடைய தம்பியும் நான் சந்தையில் வாங்கிய மரக்கறியை மேசையில் போர்முனை வரைபடம்போலப் பரப்பிவிடுவார்கள். உருளைக்கிழங்கு இராணுவம், பச்சைமிளகாய் எங்கள் பெடியள், அதாவது இயக்கப் போராளிகள்.

"கிழங்கு கனக்கத்தான். எண்டாலும் மிளகாய்க்கெல்லோ உறைப்பு," என்றார் கணவர்.

அடுப்பில் உலைத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மன்னாரிலை என்ரை அம்மா எங்கை நிக்கிறா? அதையும் காட்டுங்கோவன்!"

கணவர் சற்று யோசித்து, கிழங்குக்கும் மிளகாய்க்கும் நடுவே ஒரு வெங்காயத்தை வைத்தார். தம்பி உடனே அதை மேசை ஓரத்துக்குத் தள்ளினான்.

"அதிலை வைக்காதேங்கோ, அண்ணை. பெடியள் அந்த வழியாலைதான் இறங்கோணும்."